கூலிக்காரனின் வக்கீல்



ஆண்டு மலருக்குக் காந்தியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. அக்டோபர் 2-ஆம் தேதி பேச வேண்டியதை மலரில் எழுதுறியேடா என்று கிண்டல் வேறு! நான் எழுதப் போவது ரூபாய் நோட்டில் சிரிக்கிற காந்தியைப் பற்றி அல்ல. கோட்டும் தலைப்பாகையுமாக டர்பன் நகரக் கோர்ட்டுக்குப் போன இளம் வக்கீலைப் பற்றி.

காரணம் என் அண்ணன். ஐ.டி.ஐ. முடித்து வளைகுடா நாடு ஒன்றுக்கு வெல்டராகப் போனான். போய் இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. பேசிய சம்பளம் வேறு, கொடுத்தது வேறு. வேலையை விட்டுட்டு வந்துடுப்பா என்று அப்பா போனில் சொன்னார். விட்டால் ஓடிப்போனவன் என்று போலீசில் புகார் கொடுத்து உள்ளே தள்ளிடுவாங்க என்று அவன் அழுதான். வேலையை விடுவது எப்படிக் குற்றமாகும்? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோதுதான் அந்த வக்கீல் கிடைத்தார்.

1893-இல் காந்தி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கியபோது வயது 23. ஒரு வியாபாரியின் வழக்குக்காக ஒரே ஒரு வருட வேலை. ஆனால் 1860 முதலே நம் ஆட்கள் அங்கே இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். சாதாரண வேலைக்காரன் பாதியில் நின்றுவிட்டால் முதலாளி சிவில் வழக்குத்தான் போடலாம். ஒப்பந்தக் கூலி நின்றாலோ கிரிமினல் குற்றம், ஜெயில்! பட்டாளத்தை விட்டு ஓடிய சிப்பாய்க்கு என்ன கதியோ, ஏறக்குறைய அதே கதி கரும்பு வெட்டுகிறவனுக்கும்.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழர் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் இரண்டு பற்கள் உடைந்து, வாயெல்லாம் ரத்தம். காந்தி அவரை முதலில் டாக்டரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளியை ஜெயிலுக்கு அனுப்புவது அவர் நோக்கமில்லை. பாலசுந்தரம் அந்த ஆளிடமிருந்து விடுபட வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற வைத்தார். அந்தச் சட்டத்துக்குள் கிடைத்த விடுதலை அவ்வளவே. செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. கூலிக்காரனுக்கும் ஒரு வக்கீல் இருக்கார்!

அடுத்த வருடமே புதுச் சட்டம். ஒப்பந்தம் முடிந்தபின் மறுபடி கையெழுத்துப் போடாமலும் ஊர் திரும்பாமலும் இருப்பவன் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். பிறகு வயது வந்த பிள்ளைகளுக்கும் அந்த வரி வந்தது. புருஷன், மனைவி, 13 வயதுப் பெண், 16 வயதுப் பையன் என்றால் 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். குடும்பத் தலைவனின் மாத வருமானம் 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை என்பது காந்தியின் கணக்கு. வருடத்துக்கு 168 ஷில்லிங். கால்குலேட்டரே வேண்டாம்! மீண்டும் ஒப்பந்தத்தில் விழ வைக்கத்தான் அந்த வரி.

1899-இல் போயர் போர் வந்தது. காந்தி அமைத்த ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காயம்பட்ட சிப்பாய்களைத் தோளில் சுமந்தார்கள். போர் முடிந்தது, வரி மட்டும் போகவில்லை.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்ப் பேச, தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு காந்தி எல்லை தாண்டி நடந்தார். நான்கே நாளில் மூன்று முறை கைது. நடந்தவர்களை ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் அரசு செய்ததைக் கேளுங்கள்: சுரங்க வளாகத்தையே ஜெயிலாக அறிவித்தது, சுரங்க மேஸ்திரியையே வார்டனாக நியமித்தது. தண்டனை என்ன? அதே சுரங்கத்தில் வேலை! மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. தோட்டப் பகுதிகளில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

1914 ஜனவரியில் வெள்ளை ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜெனரல் ஸ்மட்ஸ் தரப்பு ராணுவச் சட்டத்தையே கொண்டு வந்தது. விசாரணை இல்லாமல் 9 தலைவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தியது. அதற்கான பாதுகாப்புச் சட்டத்தைப் பிறகு நிறைவேற்றிக்கொண்டது. காந்தியோ, அரசு இக்கட்டில் இருக்கும்போது நெருக்கக் கூடாதென்று தன் அடுத்த நடைப்பயணத்தைத் தள்ளிவைத்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் தொழிலாளியை அடக்கச் சட்டத்தை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. நம் கூலியை அடக்க அதுகூடத் தேவைப்படவில்லை; அவனுக்கென்று எழுதிய சட்டமே பட்டாளச் சட்டம் மாதிரிதானே இருந்தது!

ஜெயிலில் நோயுற்று, வெளியே வந்ததும் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார், வயது 16. அந்த ஆண்டே 3 பவுன் வரி ஒழிந்தது. ஜூலையில் காந்தி புறப்பட்டார். 1917-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதே நிறுத்தப்பட்டது.

அண்ணன் இரண்டு வருட ஒப்பந்தத்தை முடித்துத்தான் திரும்பினான். நம்மில் எத்தனையோ பேர் டிப்ளமோவோடு விமானம் ஏறப் போகிறோம். கையெழுத்துப் போடும்போது சம்பள வரியோடு நிறுத்திவிடாதீர்கள். வேலையை விட்டு எப்படி விலகலாம் என்ற வரியையும் படியுங்கள். நம் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளி அடகு பிடிக்கும் பொருளல்ல. 2020-இல் கத்தார், முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தை மாற்றியது. பாலசுந்தரம் கேட்டதும் அதைத்தானே!

வேலை செய்யும் உரிமை பெரிதுதான். வேண்டாம் என்று எழுந்து வரும் உரிமை இல்லாவிட்டால், அது வேலை இல்லை நண்பர்களே, சிறை.



– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை