பென்னி ஒஸ்லர்

பென்னி ஒஸ்லர் என்று அறியப்படும் பெஞ்சமின் லௌரென்ஸ் ஒஸ்லர் (1901 – 1962) தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ரக்பி யூனியன் ஆட்டக்காரர் ஆவார். 1924 முதல் 1933 வரை தென்னாப்பிரிக்க அணிக்காக இடைவிடாது 17 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். 1931-32 பிரித்தானியச் சுற்றுப்பயணத்தில் அவ்வணியின் தலைவராக இருந்தார். பின்வரிசை ஆட்டக்காரர்கள் பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டுமா, அல்லது காலால் உதைத்து முன்னேற வேண்டுமா என்னும் விவாதம் எழும்போதெல்லாம் இவருடைய பெயர் குறிப்பிடப்படுகிறது. அக்காலத்தில் உதைத்து ஆடும் முறையை இவரளவுக்குத் திறமையாகக் கையாண்டவர் வேறு எவரும் இல்லை எனலாம். அதே காரணத்திற்காக இவரளவுக்குக் கண்டிக்கப்பட்டவரும் இல்லை.

ஆட்டமும் அக்கால விதிகளும்

ஒஸ்லரின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ரக்பியின் சில விதிகளை அறிந்திருத்தல் வேண்டும். ஓர் அணியில் 15 பேர் ஆடுவர். அவர்களுள் 8 பேர் முன்வரிசையினர்; உடல் வலிமையால் போராடிப் பந்தைக் கைப்பற்றுவது இவர்களது பணி. ஏனைய 7 பேர் பின்வரிசையினர். கைப்பற்றிய பந்தைப் பயன்படுத்தி எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசெல்வது இவர்களது பணி. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ மட்டுமே எறியலாம். ஆகவே முன்வரிசையினர் பெற்றுத் தரும் பந்துடன் பின்வரிசையினர் முன்னேற இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, ஏந்திக்கொண்டு ஓடுவது. மற்றொன்று, உதைப்பது. இவ்விரண்டில் எதைச் செய்வது என்று பெரும்பாலும் முடிவெடுப்பவர் பிளை ஹாஃப் எனப்படும் ஆட்டக்காரர். ஒஸ்லர் ஆடியது இந்த இடத்தில்தான்.

அவருடைய காலத்து விதிகள் உதைப்பவருக்கே பெரிதும் சாதகமாக இருந்தன. களத்தின் எவ்விடத்திலிருந்தும் பந்தை நேராகப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைக்கலாம். பந்து கோட்டைக் கடந்த இடத்தில் லைன் அவுட் முறையில் ஆட்டம் மீண்டும் தொடங்கும். அங்கு பந்துக்காக இரு அணிகளும் போட்டியிடலாம். அதாவது ஒரே உதையில் 40, 50 கெஜம் முன்னேறிவிடலாம். உதைத்த அணியின் முன்வரிசை வலுவானதாக இருந்தால் பந்தும் திரும்பக் கிடைத்துவிடும். மேலும், பந்து கைமாறும் நேரத்தில் எதிரணியினர் இன்று நிற்பதைவிட மிக நெருக்கமாக நிற்க முடிந்தது. லைன் அவுட்டின்போது பின்வரிசையினர் 10 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி 1964 ஆம் ஆண்டில்தான் வந்தது. எனவே ஓட விரும்பிய பிளை ஹாஃப்புக்கு ஓட இடமே இருக்கவில்லை.

புள்ளிகளின் கணக்கும் அவ்வாறே. எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைக்கும் டிரைக்கு அன்று 3 புள்ளிகள் மட்டுமே. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 2 புள்ளிகள். ஆனால் ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி எழும்பும் கணத்தில் கம்பங்களுக்கிடையே உதைக்கும் டிராப் கோலுக்கு 4 புள்ளிகள். பதினைந்து பேர் உழைத்துப் பெறும் ஒரு டிரையைக் காட்டிலும் ஒருவரின் ஒற்றை உதை மதிப்பு மிக்கது என்ற இந்த வினோதம் 1948 ஆம் ஆண்டில் டிராப் கோலின் மதிப்பு 3 ஆகக் குறைக்கப்படும் வரை நீடித்தது. ஒஸ்லர் உதைத்தார் என்று குறை கூறுவோர் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தொடக்கம்

ஒஸ்லர் கேப் காலனியின் அலிவால் நார்த் என்னும் ஊரில் 1901 ஆம் ஆண்டு பிறந்தார். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். வெஸ்டர்ன் பிராவின்ஸ் மாகாண அணிக்காக ஆடினார். இவருடைய சகோதரர் ஸ்டான்லி ஒஸ்லரும் 1928 இல் தென்னாப்பிரிக்காவுக்காக ஒரு டெஸ்ட் போட்டியில் ஆடியவர். அக்காலத்தில் தென்னாப்பிரிக்க தேசிய அணியில் வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம் அளிக்கப்பட்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

1924 ஆம் ஆண்டு பிரித்தானியத் தீவுகள் அணி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது டர்பனில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியில் ஒஸ்லர் அறிமுகமானார். தென்னாப்பிரிக்கா 7-3 என வென்ற அந்தப் போட்டியில் 4 புள்ளிகள் இவருடைய டிராப் கோலால் வந்தவை. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான வித்தியாசமும் அதே 4 புள்ளிகள்தாம். நான்கு போட்டிகள் கொண்ட அத்தொடரில் தென்னாப்பிரிக்கா மூன்றில் வென்றது. ஒன்று சமநிலையில் முடிந்தது.

1928: நியூசிலாந்துத் தொடர்

ஒஸ்லரின் புகழ் உச்சத்தை எட்டியது 1928 ஆம் ஆண்டில் ஆகும். அவ்வாண்டு நியூசிலாந்து அணி முதன்முறையாகத் தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் தொடர் ஆட வந்தது. அந்த அணியின் சிறந்த கடைக்காவல் ஆட்டக்காரரான ஜார்ஜ் நேபியா, மாவோரி இனத்தவர் என்ற காரணத்தால் அழைத்து வரப்படவில்லை.

நியூசிலாந்தினர் ஸ்க்ரம் எனப்படும் தள்ளுமுள்ளு அமைப்பில் 2-3-2 என ஏழு பேரை நிறுத்தி, எட்டாமவரைத் தனியே வைத்து ஆடினர். தென்னாப்பிரிக்கர்கள் 3-4-1 என எட்டுப் பேரையும் பூட்டி நிறுத்தினர். இதனால் பந்து பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவுக்கே கிடைத்தது. டர்பனில் ஜூன் 30 அன்று நடந்த முதல் போட்டியில் அந்தப் பந்துகள் ஒஸ்லரின் கையை அடைந்தன. அங்கிருந்து காலுக்குச் சென்றன. தென்னாப்பிரிக்கா 17-0 என வென்றது. இரண்டு டிராப் கோல்கள், இரண்டு பெனால்டிகள் என 14 புள்ளிகளை ஒஸ்லர் ஒருவரே பெற்றார். எஞ்சிய 3 புள்ளிகள் ஒரு டிரையால் கிடைத்தவை.

ஜொகானஸ்பர்க்கில் நியூசிலாந்து 7-6 எனவும், போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்கா 11-6 எனவும் வென்றன. கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டி இந்த வரலாற்றில் சுவையானது. முதல் மூன்று போட்டிகளில் சேர்க்கப்படாதிருந்த மார்க் நிக்கல்ஸ் என்னும் நியூசிலாந்து வீரர் ஈரமான அக்களத்தில் ஆடினார். இரண்டு பெனால்டிகளும் ஒரு டிராப் கோலுமாக 10 புள்ளிகளை உதைத்தே பெற்றார். நியூசிலாந்து 13-5 என வென்று தொடரை 2-2 எனச் சமன் செய்தது. ஒஸ்லர் கற்றுக்கொடுத்த பாடத்தை எதிரணி அவருடைய சொந்த மாகாணத்தின் மைதானத்திலேயே அவருக்குத் திருப்பிச் சொன்னது போலாயிற்று.

அணித்தலைவர்

1931-32 இல் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் சென்ற அணிக்கு ஒஸ்லர் தலைவராக்கப்பட்டார். அப்பயணத்தில் ஆடிய 26 போட்டிகளில் 23 இல் வெற்றி கிட்டியது. இரண்டு சமநிலையில் முடிந்தன. லெஸ்டரில் மிட்லண்ட் கவுண்டீஸ் அணியிடம் மட்டும் 30-21 எனத் தோல்வி ஏற்பட்டது.

டெஸ்ட் போட்டிகளில் வேல்ஸ் (8-3), அயர்லாந்து (8-3), இங்கிலாந்து (7-0), ஸ்காட்லாந்து (6-3) ஆகிய நான்கு அணிகளையும் ஒஸ்லரின் அணி தோற்கடித்தது. 1912-13 இல் பில்லி மில்லர் தலைமையில் சென்ற அணிக்குப் பின் தென்னாப்பிரிக்கா இதைச் சாதித்தது இது இரண்டாம் முறை. சுவான்சியில் வேல்சுக்கு எதிராக மழையிலும் சேற்றிலும் நடந்த போட்டியில்தான் டேனி கிரேவன் ஸ்க்ரம் ஹாஃப் ஆக அறிமுகமானார். பின்னாளில் தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத்தின் தலைவராகப் பல பதின்ம ஆண்டுகள் இருந்தவர் இவர். உடலை முன்னே பாய்ச்சி, காற்றில் இருந்தபடியே பந்தை நெடுந்தூரம் எறியும் முறையால் கிரேவன் பெயர் பெற்றார். இந்த நீண்ட எறிதல் ஒஸ்லருக்கு வாய்ப்பாக அமைந்தது. எதிரணியினர் ஓடி வந்து பிடிப்பதற்குள் நிதானமாகக் குறிபார்த்து உதைக்க அவருக்கு ஓரிரு நொடிகள் கூடுதலாகக் கிடைத்தன.

வெற்றிகள் குவிந்தும் இந்த அணியைப் பிரித்தானியப் பார்வையாளர்கள் விரும்பவில்லை. பக்கக் கோட்டுக்கு வெளியே உதைப்பது, லைன் அவுட், மீண்டும் உதைப்பது என்றே ஆட்டம் நகர்ந்தது. பின்வரிசையில் ஜெரி பிராண்ட், மோரிஸ் சிம்மர்மன் போன்ற திறமையாளர்கள் இருந்தும் அவர்களுக்குப் பந்து அரிதாகவே வந்தது எனப் பத்திரிகைகள் குறை கூறின. ஒஸ்லர் வெறுமனே வெளியே உதைத்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். உயரமாக உதைத்து எதிரணியின் கடைக்காவலரைத் தடுமாறச் செய்வது, தற்காப்பாளர்களின் பின்னுள்ள வெற்றிடத்தில் பந்தைப் போட்டு விளிம்பு வீரரை ஓடிப் பிடிக்கச் செய்வது ஆகியவற்றிலும் அவர் வல்லவர். மர்ரேஃபீல்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராகப் பெற்ற இரண்டு டிரைகளுள் ஒன்று ஒஸ்லருடையது, மற்றொன்று கிரேவனுடையது.

டர்பன், 1933

1933 இல் ஆஸ்திரேலிய அணி ஐந்து டெஸ்ட் போட்டிகளில் ஆடத் தென்னாப்பிரிக்கா வந்தது. அணித்தலைவர் பொறுப்பு பில் நெல்லிடம் சென்றிருந்தது. நியூலண்ட்சில் நடந்த முதல் போட்டியில் தென்னாப்பிரிக்கா 17-3 என வென்றது. டர்பனில் நடந்த இரண்டாம் போட்டியில் நெல் ஆடவில்லை. ஒஸ்லர் தலைமை தாங்கினார்.

வறண்ட, கெட்டியான மைதானங்களும் வெயிலும் உள்ள நாட்டில் ஏன் உதைக்க வேண்டும் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் அவரைத் துரத்தி வந்தது. அன்று அவர் விமர்சகர்கள் கேட்டதையே செய்யத் துணிந்தார். பந்தைக் கைமாற்றி ஓடும் திறந்த ஆட்டத்தை ஆடுமாறு அணியைப் பணித்தார். முடிவு, ஆஸ்திரேலியா 21, தென்னாப்பிரிக்கா 6. உதைக்காதது ஏன் என்று இம்முறை கேட்கப்பட்டது.

அடுத்த போட்டியில் நெல் திரும்பினார், உதைகளும் திரும்பின. ஜொகானஸ்பர்க்கில் 12-3, போர்ட் எலிசபெத்தில் 11-0 என வென்று தென்னாப்பிரிக்கா தொடரைக் கைப்பற்றியது. புளூம்ஃபொன்டைனில் 15-4 எனத் தோற்ற இறுதிப் போட்டியே ஒஸ்லரின் கடைசி டெஸ்ட் ஆகும். 17 போட்டிகளில் அவர் பெற்ற 46 புள்ளிகளுள் இரண்டு டிரைகளால் வந்தவை 6 மட்டுமே; 40 புள்ளிகள் உதைத்துப் பெற்றவை.

மதிப்பீடு

டர்பன் தோல்வி ஒஸ்லரின் முறையே சரி என்பதற்குச் சான்றாகப் பலராலும் காட்டப்படுகிறது. ஆனால் அது முழுமையான சான்று ஆகாது. பல ஆண்டுகள் ஒரே முறையில் பழகிய அணி, ஒரே நாளில் வேறு முறைக்கு மாறித் தோற்பதில் வியப்பில்லை. நான்கே ஆண்டுகளில் இதற்கு மறுமொழியும் கிடைத்தது. 1937 இல் நெல் தலைமையில் நியூசிலாந்து சென்ற அணி 2-1 எனத் தொடரை வென்றது. ஆக்லாந்தில் நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி ஒரு டிரைகூடப் பெறாத நிலையில் ஐந்து டிரைகள் பெற்று 17-6 என வென்றது. ஒஸ்லருடன் ஆடிய பிராண்டும் கிரேவனும் அந்த அணியில் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பந்து வந்தால் ஓடத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பது தெளிவாயிற்று. ஆயினும் வலுவான முன்வரிசை இன்றி அந்த ஓட்டமும் நடந்திராது. அந்த முன்வரிசை ஒஸ்லரின் காலத்தில் வளர்ந்த மரபே.

விதிகளை மாற்றியோர் ஒருவகையில் ஒஸ்லரின் விமர்சகர்களுடைய பக்கம் நின்றனர். 1963 இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கும் வேல்சுக்கும் இடையே நடந்த போட்டியில் 111 லைன் அவுட்டுகள் நிகழ்ந்தன. வேல்ஸ் அணித்தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்தைத் தொடர்ந்து வெளியே உதைத்து 6-0 என வென்றார். இத்தகைய ஆட்டங்களால் எழுந்த அதிருப்தியின் விளைவாக, தன் 25 கெஜக் கோட்டுக்கு முன்னாலிருந்து நேராக வெளியே உதைத்தால் உதைத்த இடத்திற்கு நேரேயே லைன் அவுட் நடக்கும் என்ற விதி 1960களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. முன்னேற்றம் இல்லாத உதைக்குப் பயனும் இல்லாமற் போயிற்று. இவ்விதி ஒஸ்லரின் காலத்தில் இருந்திருந்தால் அவர் எப்படி ஆடியிருப்பார் என்பது ரக்பி ஆர்வலர்கள் விரும்பி விவாதிக்கும் கேள்வி.

எனினும் உதை அழிந்துவிடவில்லை. 1980களில் நாஸ் போத்தா தென்னாப்பிரிக்காவில் அதே புகழையும் அதே கண்டனத்தையும் பெற்றார். 2021 இல் சோதனை முறையாகவும் 2022 இல் நிரந்தரமாகவும் வந்த ஒரு விதி, தன் பாதிக் களத்திலிருந்து உதைத்த பந்து எதிரணியின் 22 மீட்டர்ப் பகுதியில் தரையைத் தொட்டு வெளியேறினால் உதைத்த அணிக்கே பந்தை வழங்குகிறது. இதற்கு அஞ்சித் தற்காப்பாளர் சிலர் பின்னே நிற்பர். அதனால் முன்னே ஓடுவோருக்கு இடம் கிடைக்கும் என்பது இவ்விதியின் நோக்கம். ஓட்டத்திற்கு வழிவிடவே உதைக்குப் பரிசு அளிக்கிறார்கள்.

ஒஸ்லர் 1962 ஆம் ஆண்டு காலமானார். 2009 இல் பன்னாட்டு ரக்பி வாரியத்தின் புகழ் மண்டபத்தில் இவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.