செருப்புத் தைத்த அண்ணல்



வேங்கிக்காலிலிருந்து வேலூர் சாலையில் சென்று, வேலூரிலிருந்து மேற்கே பயணித்தால் ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். தோல் பதனிடுவதும் காலணி செய்வதும் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்ற தொழில்கள். ஆனால் தோலைத் தொட்டு உழைப்பவரை நம் சமூகம் எந்த இடத்தில் வைத்தது என்பதை நாம் அறிவோம். அவர் தைத்த செருப்பு நம் வாசல்வரை வந்தது; அவரோ தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்றோம். இப்படிப்பட்ட நாட்டில் பிறந்து, வழக்கறிஞராக உயர்ந்து, பின்பு தானே கீழே அமர்ந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட ஒருவரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் அண்ணல் காந்தியடிகள்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் ஒரு வைணவ வணிகக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்று 1891-இல் பாரிஸ்டர் ஆனார். 1893-இல் ஒரு வழக்கிற்காகத் தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே டர்பன் நகருக்கு அருகில் மரியான்ஹில் என்ற ஊரில் நம் கத்தோலிக்க டிராப்பிஸ்ட் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த அருட்தந்தை பிரான்ஸ் பிஃபானர் 1882-இல் அதை நிறுவினார். மௌனம், செபம், கை உழைப்பு ஆகிய மூன்றுமே அத்துறவியரின் வாழ்வு. 1895-இல் காந்தி இம்மடத்தைப் பார்க்கச் சென்றார். கொல்லுப்பட்டறை, தச்சுப்பட்டறை, தோல் பதனிடும் இடம், காலணி தைக்கும் இடம் என எல்லாமே அங்கு இருந்தன. கறுப்பர், வெள்ளையர் என்ற வேற்றுமை அங்கு இல்லாதது அவர் உள்ளத்தை மிகவும் தொட்டது. அதை அதே ஆண்டு இலண்டன் இதழ் ஒன்றில் எழுதினார்.

பதினைந்து ஆண்டுகள் கடந்தன. இந்தியருக்கு எதிரான சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் ஆதரவின்றித் தவித்தன. அவர்களில் தமிழர் மிகப் பலர். 1910-இல் காந்தியின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக் என்ற யூதர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தமக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. இந்துக்கள், இஸ்லாமியர், பார்சிகள், கிறிஸ்தவர் எல்லாரும் அங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். வேலைக்காரர் எவரும் இல்லை. சொந்த அலுவலாக நகருக்குச் செல்பவர் நடந்தே செல்ல வேண்டும். நடக்கிறவர்களுக்குச் செருப்பு வேண்டுமே! காலன்பாக் மரியான்ஹில் துறவியரிடம் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார். காந்தியிடமிருந்து பண்ணையில் விருப்பமுள்ளவர்கள் கற்றனர்.

தடித்த தோலில் வேலை செய்வது துணி தைப்பது போல எளிதன்று. துணியில் தையல் தவறினால் பிரித்துவிடலாம். தோலில் ஒருமுறை விழுந்த துளை மறையாது. ஆகவே முதலில் பாதத்தைத் தாளில் வைத்து அளவு வரைய வேண்டும். வார் வருமிடத்தைக் குறிக்க வேண்டும். கத்தி நன்றாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் அது நழுவிக் கையை வெட்டும். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல், அதே கோட்டில் இரண்டு மூன்று முறை இழுத்து அறுக்க வேண்டும். பிறகு குத்தூசியால் சம இடைவெளியில் துளையிட்டு, மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் செலுத்தி இறுக்க வேண்டும். இவ்வாறு தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவரின் விரல் நோகும். முதல் ஜோடி கோணலாக வரும். அவசரப்படுபவருக்குத் தோல் பணியாது.

காந்தி பொறுமையோடு கற்றார். சுமார் பதினைந்து ஜோடி தைத்துவிட்டதாகவும், செருப்பு வேண்டுமானால் அளவு அனுப்பும்படியும் 1911-இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார். வார் பொருத்த வேண்டிய இடத்தைக் குறித்து அனுப்பவும் மறக்காமல் சொன்னார்.

அவர் தைத்த ஒரு ஜோடி செருப்பு வரலாற்றில் இடம் பெற்றது. இந்தியரை ஒடுக்கிய அரசில் அமைச்சராக இருந்து, காந்தியைச் சிறைக்கு அனுப்பியவர் ஜெனரல் ஸ்மட்ஸ். அந்தச் சிறையிலேயே காந்தி அவருக்காக ஒரு ஜோடி செருப்புத் தைத்து, விடுதலையானபோது பரிசளித்தார். 1914-இல் இந்தியர்மீது இருந்த 3 பவுன் வரி நீங்கியது; காந்தி தாயகம் புறப்பட்டார். ஸ்மட்ஸ் அச்செருப்பைப் பல கோடைக்காலங்கள் அணிந்தார். 1939-இல் காந்தியின் 70-ஆம் பிறந்த நாள் மலரில் அதை நினைவுகூர்ந்து, அத்தகைய மனிதரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்ற பொருளில் எழுதினார்.

இந்தியாவில் 1915-இல் ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களிலேயே, தீண்டப்படாதவர் எனப்பட்ட ஒரு குடும்பத்தைக் காந்தி அங்கே சேர்த்துக்கொண்டார். நன்கொடைகள் நின்றன, அவர் பின்வாங்கவில்லை. பின்னாளில் ஆசிரமத்தில் தோல் பதனிடும் கூடமும் அமைந்தது. தானாக இறந்த மாடுகளின் தோலை மட்டுமே அங்கே பயன்படுத்தினர். 1948 சனவரி 30-இல் சுடப்பட்டு இறக்கும்வரை, எந்த உழைப்பும் இழிவில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

அன்பார்ந்தவர்களே, யோப்பா நகரில் புனித பேதுரு தங்கியது யாருடைய வீட்டில் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் மறக்காமல் குறிப்பிடுகிறது: தோல் பதனிடும் சீமோன் வீட்டில். இறந்த விலங்கைத் தொடுவதால் யூதர் இழிவாகக் கருதிய தொழில் அது. அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் எனக் கருதலாகாது என்பதைக் கடவுள் பேதுருவுக்குக் காட்டினார்.

நம் செருப்பைத் தைத்துத் தருபவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவரிடம் பேரம் பேசும் நாம், அவர் வீட்டில் உணவருந்துவோமா? நம் கல்லறையிலும் திருவிழாவிலும் சாதி இன்னும் இடம் பிடித்திருக்கிறதா? நம்மை வருத்தியவருக்காக நம் கைகள் எதையாவது செய்ததுண்டா? இந்த வாரம் சிந்திப்போம். ஒரு சிறு செயலையாவது தொடங்குவோம்.