பாகா ஜதீன்: 50 பிஸ்டல், 46,000 தோட்டா, வராமல் போன ஒரு கப்பல்

ஹவுராவிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்திருக்கிறீர்களா? கிளம்பி சுமார் 230 கிலோமீட்டரில் பாலசோர் வரும். 2023 ஜூன் 2 அன்று நடந்த கோரமண்டல் விபத்தோடுதான் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் பதிந்திருக்கும். வங்காளிகளுக்கு அது வேறொரு தேதியையும் ஞாபகப்படுத்தும்: 1915 செப்டம்பர் 9.

அன்று பாலசோர் பக்கத்தில் ஐந்து பேர் மவுசர் பிஸ்டல்களோடு பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றார்கள். தலைவர் ஜதீந்திரநாத் முகர்ஜி என்ற பாகா ஜதீன். வயது 35. அவரிடம் ஆட்கள் இருந்தார்கள், திட்டம் இருந்தது, துணிச்சலுக்கும் குறைவில்லை. பிறகு எங்கே உடைந்தது? அதற்குத் தோட்டாக் கணக்கைப் பார்க்கணும்.

யார் இந்த பாகா ஜதீன்?

பிறந்தது 1879 டிசம்பர் 7, இன்றைய பங்களாதேஷின் குஷ்டியா பகுதியில் உள்ள கயாகிராமத்தில். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். கல்கத்தாவில் படிக்கும்போது சுருக்கெழுத்தும் டைப்பிங்கும் கற்றுக்கொண்டு, வங்காள அரசில் ஸ்டெனோகிராபர் ஆனார். நல்ல சம்பளம், நிலையான வேலை. 1906இல் ஒரு புலியோடு நேருக்கு நேர் மோதி, கையில் இருந்த கத்தியாலேயே அதைக் கொன்றார். ‘பாகா’ என்ற பட்டம் அப்படி வந்தது. வங்காளியில் ‘பாக்’ என்றால் புலி.

ஆபீஸ் நேரத்தில் ஆங்கிலேய அதிகாரிக்குக் குறிப்பு எடுத்த இதே மனிதர், மற்ற நேரத்தில் அந்த ஆட்சிக்கு எதிரான ரகசியக் குழுக்களை இணைத்துக்கொண்டிருந்தார்.

ஹவுரா வழக்கு ஏன் முக்கியம்?

1910 ஜனவரியில் ஷம்சுல் ஆலம் என்ற போலீஸ் அதிகாரி கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் ஜதீன் கைதானார். பிறகு நாற்பதுக்கும் மேற்பட்டோரோடு ஹவுரா–ஷிப்பூர் சதி வழக்கில் சேர்க்கப்பட்டார். இவர்கள் எல்லோரும் ஒரே அமைப்பு, ஒரே சதி என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. அது முடியவில்லை. ஜதீன் குழுக்களைத் தனித்தனியாக வைத்திருந்தார். ஒரு குழு பிடிபட்டால் அடுத்ததுக்கு நூல் பிடித்துப் போக வழி இருக்காது.

1911இல் வெளியே வந்தார். அரசு வேலை போயிருந்தது. ரயில் பாதை வேலைகளுக்கு கான்டிராக்டர் ஆனார். ஊர் ஊராகப் போக அதைவிட நல்ல காரணம் கிடைக்குமா என்ன?

நீங்கள் ஐடியில் இருந்தால் ‘சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு இடம் போனால் எல்லாம் போய்விடும் என்ற நிலை. ஆட்கள் விஷயத்தில் ஜதீன் அதைத் தவிர்த்திருந்தார். ஹவுரா வழக்கு அதைக் காட்டியது.

ரோடா கடையில் என்ன நடந்தது?

ஆர்.பி.ரோடா கல்கத்தாவின் பெயர் பெற்ற துப்பாக்கி வியாபாரி. 1914 ஆகஸ்ட் 26 அன்று துறைமுகத்துக்கு வந்த 202 பெட்டிகளை எடுத்துவர கடையின் குமாஸ்தா ஷிரிஷ் சந்திர மித்ரா போனார். கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மீதியைக் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. கடைக்காரர்கள் மூன்று நாள் கழித்துத்தான் போலீசுக்குப் போனார்கள்.

காணாமல் போன 10 பெட்டிகளில் 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. 1918இல் வந்த ரவுலட் குழு அறிக்கையின்படி, அவற்றில் 44 பிஸ்டல்கள் ஒன்பது குழுக்களுக்கு உடனடியாகப் போயின. பின்னர் நடந்த 54 கொள்ளை, கொலை, கொலை முயற்சிச் சம்பவங்களில் அவை பயன்பட்டன. 31 பிஸ்டல்களைப் போலீஸ் மீட்டது.

நமக்குப் பழக்கமான ஒரு தேதியோடு ஒப்பிட்டால், இது நடந்து நான்கே வாரத்தில் எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது.

மவுசரில் தோட்டா எங்கே சிக்கும்?

செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஒவ்வொரு முறை சுடும்போதும் கிடைக்கும் உதைப்பை வைத்துத் துப்பாக்கி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். மவுசரில் பத்துத் தோட்டா அடுக்கிய கிளிப்பை மேலிருந்து வைத்து அழுத்தணும். சுட்டதும் போல்ட் பின்னால் போகும், காலிக் குப்பியை வெளியே தள்ளும். ஸ்பிரிங் விசையில் திரும்பும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலில் வைக்கும். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னிலும் அடிப்படை இதுதான்.

தோட்டா ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டியவை மூன்று. தோட்டா சரியான அளவா? அதை மேலே தள்ளும் ஸ்பிரிங்கும் கிளிப்பும் சரியா? போல்ட் போய்வரும் வழி அழுக்கில்லாமல் இருக்கிறதா? பழைய ஷாட்கன் தோட்டாக்களின் கூடு காகிதம். வங்காளத்து ஈரக் காற்றில் அது உப்பிக்கொண்டால் துப்பாக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது.

மவுசருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. அதன் 7.63 மில்லிமீட்டர் தோட்டா தனி ரகம். போலீஸ் ரைபிளிலிருந்தோ வேட்டைத் துப்பாக்கியிலிருந்தோ எடுத்துப் போட முடியாது. கணக்குப் போட்டால் ஒரு பிஸ்டலுக்கு 920 தோட்டா, அதாவது 92 முறை நிரப்பலாம். ஒரு கலகத்தைத் தொடங்க அது போதும். ஆட்சியைக் கவிழ்க்கப் போதாது. ஜதீனுக்கு அது தெரிந்திருந்தது.

கப்பல் ஏன் வரவில்லை?

அதனால்தான் ஜெர்மனி பக்கம் போனார்கள். நரேந்திரநாத் பட்டாச்சார்யா, பின்னாளில் எம்.என்.ராய், 1915 ஏப்ரலில் பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனார். ‘மேவரிக்’ என்ற கப்பலில் 30,000 ரைபிள், ஒவ்வொன்றுக்கும் 400 தோட்டா, கூடவே இரண்டு லட்சம் ரூபாய் வரும் என்று பேச்சு. மொத்தம் 1.2 கோடி தோட்டா. சுந்தரவனத்தின் ராய்மங்கலில் இறக்கி ஹத்தியா, கல்கத்தா, பாலசோர் என்று மூன்றாகப் பிரிப்பதாகத் திட்டம். வங்காளத்துக்குப் படை வராமலிருக்க மூன்று முக்கிய ரயில் பாதைகளின் பாலங்களைத் தகர்க்கணும். மெட்ராஸ் பாதை ஜதீன் பொறுப்பு. அதற்காகத்தான் பாலசோர்.

ஆனால் மேவரிக் கலிபோர்னியாவிலிருந்து காலியாகத்தான் கிளம்பியது. ஆயுதங்கள் ‘ஆனி லார்சன்’ என்ற இன்னொரு கப்பலில் இருந்தன. இரண்டும் மெக்சிகோ பக்கம் சொக்கோரோ தீவில் சந்திக்கணும். காத்திருந்த ஆனி லார்சனில் குடிதண்ணீர் தீர்ந்துபோக, அது கிளம்பிவிட்டது. மேவரிக் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஜூன் கடைசியில் ஆனி லார்சனை அமெரிக்க அதிகாரிகள் சரக்கோடு பிடித்தார்கள். மேவரிக் ஜாவாவுக்கு வெறும் கப்பலாக வந்தது.

கடைசி நாட்கள்

ஆகஸ்ட் 7 அன்று, பட்டாவியாவிலிருந்து தந்தியும் பணமும் பெற்றுக்கொண்டிருந்த ‘ஹாரி அண்ட் சன்ஸ்’ என்ற போலி நிறுவனத்தைக் கல்கத்தா போலீஸ் சோதனை போட்டது. செப்டம்பர் 4 அன்று பாலசோரில் அதன் கிளையான ‘யுனிவர்சல் எம்போரியம்’. அங்கே கிடைத்த தடயம் ஜதீன் மறைந்திருந்த கப்திபாடா கிராமத்தைக் காட்டிக்கொடுத்தது.

காட்டு வழியாக நடந்தவர்களை வழியில் கிராமத்தார் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துத் துரத்தினார்கள். புரிபாலம் ஆற்றுப் பக்கம் சஷாகண்ட் என்ற இடத்தில் ஐவரும் நின்று சுட்டார்கள். சண்டை ஏறக்குறைய 75 நிமிடம். சித்தப்ரிய ராய் சவுத்ரி அங்கேயே இறந்தார். படுகாயமடைந்த ஜதீன் மறுநாள் பாலசோர் மருத்துவமனையில் உயிர் விட்டார். மனோரஞ்சன் சென்குப்தாவும் நிரேந்திர தாஸ்குப்தாவும் தூக்கிலிடப்பட்டார்கள். ஜதீஷ் பாலுக்கு நீண்ட சிறைத் தண்டனை.

இன்று இதை எப்படிப் படிப்பது?

புலியைக் கொன்றவர் என்ற ஒற்றை வரியோடு நிறுத்தினால் ஜதீனின் பெரிய திறமை நமக்குத் தெரியாமலேயே போகும். ஒரு குழு பிடிபட்டாலும் மற்றவை பிழைக்கும்படி ஓர் அமைப்பைக் கட்டியவர் அவர். ஆயுத விஷயத்தில் அப்படிச் செய்ய அவருக்கு வாய்ப்பே இல்லை. சொந்தமாகத் தயாரிக்க முடியாது, உள்நாட்டில் வாங்க முடியாது. எல்லாம் ஒரே கடல் வழியில், ஒரே சந்திப்பில் தொங்கியது. ஹவுரா நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றிய ஏற்பாடு, சொக்கோரோ தீவில் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐந்து பேரும் கையில் மிச்சமிருந்த தோட்டாக்களோடுதான் சஷாகண்டில் நின்றார்கள்.