குழந்தையின் பக்கம் நின்ற சலம்
தெலுங்கு எழுத்தாளர் குடிபாட்டி வெங்கடாசலம் 1894ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சலம் என்பதே அவர்தம் புனைபெயர். இளமையில் பிரம்ம சமாசத்தால் ஈர்க்கப்பட்டவர், பின்னர்ச் சாதி, சடங்கு, திருமணம் ஆகியவற்றை அஞ்சாது வினவினார். ஊரார் அவரை ஒதுக்கினர்.

பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த சலம், ‘பிட்டல சிக்ஷண’ என்னும் நூலில் பிள்ளைகளை அடித்து வளர்ப்பதைக் கண்டித்தார். குழந்தை பெற்றோரின் உடைமையன்று. அதற்கும் தன்மனம் உண்டு என்பதே அந்நூலின் உட்கிடை. பெரியோர்க்காக எழுதிய புதினங்களில் பெண்ணுக்குக் கேட்ட விடுதலையையே இங்குக் குழந்தைக்கும் கேட்டார் எனலாம்.

சிறுவர்க்குக் கதை புனைந்த சிந்தா தீட்சிதுலு அவர்தம் நண்பர். கட்டற்ற சிந்தனையாளரான சலத்தை ரமணரிடம் ஆற்றுப்படுத்தியவரும் அவரே! 1950இல் திருவண்ணாமலையில் குடியேறிய சலம், ரமணாசிரமத்தின் அருகிலேயே வாழ்ந்து 1979இல் மறைந்தார்.