அநாதைக் குழந்தைகளுக்கு இசைக்குழு அமைத்தவர்: மைஹர் ஆண்டுதோறும் நினைவுகூரும் உஸ்தாத் அலாவுதீன் கான்

மைஹர்: மத்தியப் பிரதேச மாநிலத்தின் மைஹர் நகரில் ஆண்டுதோறும் திறந்தவெளி மேடையில் நடைபெறும் உஸ்தாத் அலாவுதீன் கான் நினைவு இசை விழாவில் மற்ற விழாக்களில் காணக்கிடைக்காத ஒரு கருவி மேடையேறுகிறது. அதன் பெயர் நல் தரங். பழைய துப்பாக்கிகளின் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி வரிசையாக அடுக்கி, சிறு கோல்களால் தட்டி வாசிக்கப்படும் அக்கருவியை வடிவமைத்தவர், விழாவின் நாயகரான அலாவுதீன் கானே. அதை முதன்முதலில் வாசித்தவர்கள் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த ஏழைக் குழந்தைகள்.

சிதார் மேதை ரவி சங்கர், சரோத் மேதை அலி அக்பர் கான் ஆகியோரின் குரு என்றே உலகம் அவரை அறிந்திருக்கிறது. மைஹர் மக்களுக்கோ அவர் பாபா. சமஸ்தானக் காலத்தில் இங்கு அரசவைக் கலைஞராக வந்து சேர்ந்த அவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தச் சிறு நகரிலேயே வாழ்ந்து, இங்கேயே மறைந்தார்.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

இன்றைய வங்கதேசத்தின் பிராமண்பாரியா பகுதியில் உள்ள ஷிப்பூர் கிராமத்தில் அலாவுதீன் கான் பிறந்தார். பிறந்த ஆண்டு 1862 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 1881 என்று கொள்வோரும் உள்ளனர். முதல் கணக்கின்படி பார்த்தால் அவர் 110 வயதை எட்டும் தறுவாயில் மறைந்தார். தந்தைக்கும் அண்ணன் அப்தாபுதீனுக்கும் இசையில் தேர்ச்சி இருந்தது. ஆயினும் அலாவுதீன் பள்ளிக்குச் செல்லாமல் பாட்டுக் கேட்கத் திரிந்ததை வீட்டார் விரும்பவில்லை. சிறு வயதிலேயே அவர் வீட்டை விட்டு வெளியேறினார்.

கொல்கத்தாவை அடைந்த சிறுவன் அன்னசத்திரங்களில் உண்டு, தெருவோரங்களில் உறங்கி, குருவைத் தேடி அலைந்தான். நூலோ கோபால் என்று அறியப்பட்ட பாடகர் கோபாலகிருஷ்ண பட்டாச்சாரியா அவனை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் சுரவரிசைப் பயிற்சி மட்டுமே. அதன் பிறகே ராகங்கள். சிறுவன் ஒப்புக்கொண்டான். ஏழு ஆண்டுகள் கடந்த நிலையில் பிளேக் நோய் குருவைக் கொண்டுசென்றது. அந்தத் துயரத்தில் அலாவுதீன் பாடுவதைக் கைவிட்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பினார்.

விவேகானந்தரின் உறவினரான அம்ரித்லால் தத் அவருக்குப் பல வாத்தியங்களைக் கற்பித்தார். லோபோ என்ற கோவா நாட்டு வாத்தியக்குழுத் தலைவரிடம் மேற்கத்திய வயலினையும், ஹசாரி உஸ்தாத் என்பவரிடம் ஷெனாயையும் பயின்றார். நாடக அரங்கு ஒன்றில் வாத்தியக் கலைஞராக வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். அக்காலத்தில் அவர் இந்துப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு வாழ்ந்தார். இடையே வீட்டார் அவரைக் கண்டுபிடித்து ஊருக்கு அழைத்துச் சென்று திருமணமும் செய்து வைத்தனர். மணமான இரவிலேயே அவர் மீண்டும் ஓடிவிட்டார் என்பது அவரது வாழ்க்கைக் கதைகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. அந்த இளம் மனைவி மதன்மஞ்சரி கணவருக்காகக் காத்திருந்த ஆண்டுகளைப் பற்றி அக்கதைகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

மூடிய கதவுகள்

இத்தனை வாத்தியங்களைக் கற்றுத் தேர்ந்த பெருமிதத்துடன் அவர் முக்தாகாச்சா ஜமீன்தாரின் அவைக்குச் சென்றார். அங்கே அகமது அலி கானின் சரோத் இசையைக் கேட்டதும், தமக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவுக்கு வந்தார். அவரையே குருவாகக் கொண்டு, சமைத்து, பணிவிடை செய்து ஆண்டுகளைக் கழித்தார். குரு நேரடியாகக் கற்றுக்கொடுத்தது குறைவு. குருவின் சாதகத்தைக் கேட்டுக் கேட்டே அவரது வித்தையைச் சீடர் மனத்தில் ஏற்றிக்கொண்டார். இதை அறிந்த குரு, இனிக் கற்பிக்க ஏதுமில்லை என்று அவரை அனுப்பிவிட்டார்.

அந்நாளில் இந்துஸ்தானி இசை உலகில் ஞானம் என்பது குடும்பச் சொத்து. அரிய உருப்படிகள் மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே கிடைக்கும். பெண்ணின் சீதனமாகச் சில உருப்படிகள் கொடுக்கப்பட்டதும் உண்டு. பிற குடும்பத்திலிருந்து வந்த ஏழைக்கு அங்கு இடமில்லை. ராம்பூர் சமஸ்தானத்தில் தான்சேன் வழிவந்த வசீர் கானின் வாயிலில் அலாவுதீன் நின்றபோது காவலர்கள் அவரை உள்ளே விடவில்லை. பல மாதங்கள் காத்திருந்து மனம் வெறுத்த அவர், ஒரு நாள் நவாப் ஹமீத் அலி கான் வந்த வண்டியின் முன் பாய்ந்தார். அவரது கதையைக் கேட்டு, வாத்தியங்களை வாசிக்கச் செய்து பார்த்த நவாப், வசீர் கானிடம் அவரைச் சேர்த்துவிட்டார்.

கையில் கயிறு கட்டிச் சீடராக ஏற்றதோடு சரி. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வசீர் கான் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. ஊரில் மனைவி படும் துன்பத்தைத் தெரிவித்து ஒரு செய்தி வந்த பிறகே, இப்படியொருவன் தன் வாசலில் காத்திருக்கிறான் என்பது அவருக்கு உறைத்தது. அதன்பிறகு தாராளமாகக் கற்பித்தார். எனினும் ருத்ர வீணை என்ற பீன் வாத்தியம் மட்டும் குடும்பத்தாருக்கே உரியது என்பதால் சீடருக்கு அது கிட்டவில்லை. சரோத், ரபாப், சுர்சிங்கார் ஆகியவற்றின் வழியாகவே அந்தப் பாரம்பரியம் அலாவுதீனை வந்தடைந்தது.

மைஹர் வாத்தியக்குழு

1918-ஆம் ஆண்டில் மைஹர் மகாராஜா பிரிஜ்நாத் சிங் அவரைத் தம் அவைக் கலைஞராக நியமித்தார். மகாராஜாவும் அவரிடம் இசை பயின்றார். அதே காலத்தில் பரவிய கொள்ளைநோய் இப்பகுதியில் பல வீடுகளைச் சூறையாடி, ஆதரவற்ற குழந்தைகளை வீதியில் விட்டிருந்தது. அவர்களைத் திரட்டி அலாவுதீன் கான் ஓர் இசைக்குழுவை அமைத்தார்.

எளிதில் நடந்த காரியம் அன்று இது. பரம்பரைக் கலைஞர்களின் பிள்ளைகள் அல்லர் அவர்கள். பலருக்கு எழுத்தறிவும் கிடையாது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே பயின்றனர். சுரக்குறிப்புத் தாள்களின் உதவியின்றி, பாடிக் காட்டி, தாளம் தட்டி, ஒவ்வொரு பகுதியையும் மனப்பாடமாக்கினார். சிதார், இஸ்ராஜ், வயலின், செல்லோ, கிளாரினெட், ஆர்மோனியம், தபேலா என உள்நாட்டு, வெளிநாட்டு வாத்தியங்களை ஒன்றாக இணைத்து இந்துஸ்தானி ராகங்களை வாசிக்கச் செய்தார். கொல்கத்தா நாடக அரங்கில் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றதெல்லாம் இங்கே கைகொடுத்தது. போதாத வாத்தியத்துக்குத் துப்பாக்கிக் குழல்கள் நல் தரங்காக மாறின. தனி வித்வானின் கச்சேரியே இசை என்றிருந்த சூழலில், இந்தியாவின் தொடக்ககால வாத்திய இசைக்குழுக்களில் ஒன்றாக மைஹர் வாத்தியக்குழு உருவெடுத்தது. ரவி சங்கரின் சிதார் எட்டிய புகழோடு ஒப்பிட்டால் இக்குழு பெற்றது மிகச் சொற்பமே. ஆனால் குருவின் உள்ளத்தை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மகளுக்குத் திறந்த வித்தை

அலாவுதீன் கானின் மூத்த மகள் ஒருவர் இசை பயின்றவர். புகுந்த வீட்டில் அவரது தம்புரா எரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. மனமுடைந்த தந்தை, இளைய மகளுக்கு இசை கற்பிப்பதில்லை என்று தீர்மானித்தார். 1927-இல் பிறந்த அந்த மகளுக்கு மகாராஜா சூட்டிய பெயர் அன்னபூர்ணா. அண்ணன் அலி அக்பர் பயிற்சியில் செய்த பிழையை அவள் பாடித் திருத்திக்கொண்டிருந்ததை, வெளியே சென்றிருந்த தந்தை திரும்பி வந்து கேட்டார். அன்றே தீர்மானம் மாறியது. சிதாரில் தொடங்கிய பாடம் பின்னர் சுர்பகாருக்கு மாறியது. ராம்பூரில் வெளியாருக்கு மறுக்கப்பட்ட நுட்பங்கள் மைஹரில் ஒரு பெண்ணின் கைக்கு வந்தன. புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா பிற்காலத்தில் அன்னபூர்ணா தேவியிடம் பயின்றவரே.

1935-இல் நடனக் கலைஞர் உதய் சங்கரின் குழுவுடன் அலாவுதீன் கான் ஐரோப்பா சென்றார். புறப்படும் வேளையில், குழுவில் இருந்த தம் இளைய மகன் ரவியின் கையை அவர் கையில் பிடித்துக் கொடுத்து, பார்த்துக்கொள்ளுமாறு தாயார் கேட்டுக்கொண்டார். அதன்பின் அத்தாயை மகன் காணவில்லை. 1938-இல் பாரிஸ் நகரின் ஆடம்பர வாழ்வைத் துறந்து மைஹர் வந்த ரவி சங்கர், குருவின் வீட்டுக்கு அருகே தங்கிப் பயின்றார். 1941-இல் அவருக்கும் அன்னபூர்ணாவுக்கும் திருமணம் நடந்தது. பின்னாளில் அவர்கள் பிரிந்தனர்.

குருவின் கோபம் ஊரறிந்தது. பெற்ற மகனான அலி அக்பர் கான் அடியும் கட்டும் பட்டே வளர்ந்தார். ஒருமுறை வீட்டை விட்டு ஓடியும் போனார். ஏச்சுத் தாளாமல் ரவி சங்கரும் மூட்டை கட்டினார். குடும்பத்தார் சமாதானம் செய்து நிறுத்தினர். தாம் பட்ட பாட்டைச் சீடர்களும் படவேண்டும் என்ற அந்தக் கண்டிப்பை இன்றைய பெற்றோர் எவரும் ஏற்கமாட்டார்கள். அதே மனிதர் சீடர்களிடம் கட்டணம் பெறுவதைத் தவிர்த்தார். வீட்டில் உணவிட்டுக் கற்பித்தார். புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் தனி இடம் பெற்றுத் தந்த பன்னாலால் கோஷ், சிதார் கலைஞர் நிகில் பானர்ஜி, சரோத் கலைஞர் ஷரன் ராணி எனச் சீடர் பட்டியல் நீண்டது. இடது கையால் மீட்டி சரோத் வாசித்த அவர், வாத்தியங்களைச் செய்வதில் வல்லவரான தம்பி ஆயத் அலி கானின் துணையோடு அந்தக் கருவியின் அமைப்பையும் மாற்றினார், தந்திகளைக் கூட்டினார். ஹேமந்த் உள்ளிட்ட ராகங்களை உருவாக்கினார். மதன்மஞ்சரி என்ற ராகம் மனைவியின் பெயர் தாங்கியது.

மலையும் வீடும்

மைஹர் நகரின் அடையாளம் திரிகூட மலைமீதுள்ள சாரதா தேவி கோயில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்லவேண்டிய அக்கோயிலின் அன்னையை, ஐவேளைத் தொழுகை தவறாத அலாவுதீன் கான் இசையின் தாயாகவே வழிபட்டார். தமது சமயத்தை அவர் விட்டதில்லை. மற்றதை விலக்கவும் இல்லை. மதீனா பவன் என்ற அவரது இல்லத்தில் இந்துக் கடவுளரின் படங்களும் இருந்தன.

சங்கீத நாடக அகாதெமி விருதும், 1958-இல் பத்ம பூஷணும், 1971-இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. அதே 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக நடத்தப்பட்ட நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ரவி சங்கரும் அலி அக்பர் கானும் சேர்ந்து வாசித்தனர். அவர்கள் வாசித்தது குருவின் பிறந்த மண்ணுக்காக. மைஹரில் முதுமையில் தளர்ந்திருந்த குரு, 1972 செப்டம்பர் 6-ஆம் தேதி காலமானார். மதீனா பவன் வளாகத்திலேயே அவரும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டனர்.

பிறந்த மண்ணில் அவரது நினைவு அத்தனை பத்திரமாக இல்லை. பிராமண்பாரியாவில் அவர் பெயரால் இயங்கிய இசை நிலையம் 2016-ஆம் ஆண்டு வன்முறையில் தாக்கப்பட்டு, அவருடைய நினைவுப் பொருட்கள் தீக்கிரையாயின. 2021 மார்ச்சில் அந்நிலையம் மீண்டும் எரிக்கப்பட்டது.

மைஹரில் அவர் பெயரிலான மாநில அகாதெமி நடத்தும் விழாவுக்கு நாடெங்கிலும் இருந்து புகழ்பெற்ற கலைஞர்கள் வருகின்றனர். பனி இறங்கும் இரவில் போர்வை போர்த்திக்கொண்டு ஊர்மக்கள் திறந்தவெளியில் அமர்ந்து கேட்கின்றனர். அவர் அமைத்த இசைக்குழு, மைஹர் வாத்ய விருந்த் என்ற பெயரில் நூறாண்டைக் கடந்தும் அவ்வூரில் தொடர்கிறது. முதல் குழந்தைகளில் எவரும் இன்று இல்லை. அவர்களிடமிருந்து கேட்டுக் கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களுமாக வழிவழி வந்த கலைஞர்கள், பாபா மனப்பாடமாக்கித் தந்த உருப்படிகளை வாசிக்கின்றனர். துப்பாக்கிக் குழல்களின் நாதம் மேடையில் எழுகிறது.