நித்தியகல்யாணியை ஆராய்ந்த நங்கை

வீட்டு முற்றத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நீரூற்றுவார் இன்றியே பூத்துக் குலுங்குவது நித்தியகல்யாணி. வரதராஜன்பேட்டையில் வளரும் நமக்கு இச்செடி புதியதன்று. ஆயினும் இதன் இலையில் புற்றுநோயை எதிர்க்கும் பொருள்கள் உள்ளன என்பதையும், இத்தகைய செடிகளை ஆராய்வதிலேயே ஒரு பெண்மணி தம் வாழ்நாளைக் கழித்தார் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே டாக்டர் அசீமா சாட்டர்ஜி அம்மையார்.

1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு மருத்துவரின் மகளாக அவர் பிறந்தார். செடிகொடிகள்மீது தந்தையார்க்கிருந்த ஆர்வம் மகளையும் பற்றிக்கொண்டது. பெண்கள் அறிவியல் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில் வேதியியலைத் தேர்ந்தெடுத்தார். 1936-இல் இளநிலைப் பட்டமும் 1938-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1944-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் டாக்டர் பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

1947-இல் கைக்குழந்தையுடன் கடல் கடந்து சென்று, அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் ஆராய்ச்சி செய்தார். 1950-இல் தாயகம் திரும்பினார். ஆய்வுக்கூடத்தில் கருவிகள் குறைவு. பணமோ அதனினும் குறைவு. பிரித்தெடுத்த பொருள்களைப் பகுத்தாய வெளிநாடுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அம்மையார் மனம் தளரவில்லை.

1958-இல் கனடா நாட்டு அறிஞர்கள் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தனர். நீரிழிவு நோய்க்கு மருந்து தேடியவர்களுக்குக் கிட்டியதோ புற்றுநோய் மருந்து! அது உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. இதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு வாழ்வளித்து வருகிறது. இக்குடும்பத்து ஆல்கலாய்டைச் சற்றே மாற்றி ஆக்கப்பட்ட வினோரெல்பின் மார்பகப் புற்றுநோய்க்கு இன்று பயன்படுகிறது. இம்மருந்துகளைக் கண்டறிந்தவர் அம்மையார் அல்லர். எனினும் நித்தியகல்யாணி, சர்ப்பகந்தி முதலிய செடிகளின் ஆல்கலாய்டுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அவற்றின் அமைப்பை விளக்கி, இத்துறைக்கு நம் நாட்டில் உரமிட்டவர் அவர். வலிப்பு நோய்க்கும் மலேரியாவுக்கும் மூலிகை மருந்துகளை உருவாக்கியவரும் அவரே.

1967-இல் தந்தையையும் கணவரையும் சில மாத இடைவெளியில் இழந்தார். தாமும் கடும் நோயுற்றார். பிறர் ஓய்ந்திருப்பர். அவரோ எழுந்து மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்தார். 1961-இலேயே பட்நாகர் விருது பெற்ற முதல் பெண்மணியாகத் திகழ்ந்த அவர், 1975-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். இந்திய அறிவியல் மாநாட்டின் தலைமையும் பெண் ஒருவருக்கு அவரால் முதன்முதலாகக் கிட்டியது. 2006-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

தோழியரே, அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவன இரண்டு. செடியில் மருந்து உண்டு என்பதால் இலையைப் பறித்து உண்ணலாகாது. நித்தியகல்யாணி நச்சுத்தன்மை உடையது. மருந்தைப் பிரித்துச் சோதித்து அளவறிந்து மருத்துவர் தரும்போதே அது உயிர் காக்கும். நம் அன்னையரோ அக்காமார்களோ மார்பில் கட்டி கண்டு, வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைப்பார்களாயின், கைமருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை. மற்றொன்று, வசதி குறைவு என்பது கல்விக்குத் தடையன்று. அடுத்த மருந்தைக் கண்டறியும் கை நம் வகுப்பறையிலும் இருக்கலாம் அன்றோ?