உழவாரம் ஏந்திய நாவரசர்

இன்பம் வந்துழி இறைவனைப் புகழ்தலும் துன்பம் வந்துழி அவனை நோதலும் மாந்தர்க்கு இயல்பு. இரண்டிலும் ஒரே நிலையில் நின்றவர் மிகச் சிலர். அச்சிலருள் முதல்வராக நான் கொள்வது கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரையே.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றிய அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். இளமையிலேயே இடுக்கண் தொடங்கிற்று. தந்தையார் மறைந்தார், தாயாரும் உடன் உயிர் நீத்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையைத் தம்பியின் கண்ணீர் தடுத்தது. அவர்க்காக உயிர் தாங்கிய அம்மையார், பின்னர்த் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் தொண்டு செய்து வந்தார்.

மருணீக்கியாரோ சமணம் தழுவித் தருமசேனர் எனப் பெயர் பெற்றார். கொடிய சூலை நோய் பற்றவே, தமக்கையாரை நாடி வந்தார். வீரட்டானத்து இறைவன் திருமுன் அவர் பாடிய முதற் பதிகம் ஒரு நோயாளியின் முறையீடு. அதில் அவர் வீரம் பேசவில்லை. வலி பொறுக்கலாற்றாமையை வாய்விட்டு உரைத்தார். இறைவனை நம்புதல் வலியை மறைத்தலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சைவம் திரும்பிய அவரைப் பல்லவ மன்னன் அழைத்துவர ஆள் விடுத்தான். அவ்வாணைக்குத் தாம் கட்டுப்பட்டவரல்லர் என மறுத்தார் நாவரசர். ஏழு நாள் நீற்றறை, நஞ்சு கலந்த பாலமுது, மதயானை, கல்லோடு பிணித்துக் கடலில் இடுதல் எனத் தண்டனைகள் தொடர்ந்தன. கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரின்பால் அவரைக் கரைசேர்த்தது என்று 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் பாடுகிறார். முடிவில் மன்னனும் சைவனானான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆராய்ச்சியாளர். சிந்தாமணி தந்த சமணர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. இவ்வரலாற்றைக் கொண்டு அவர்பால் பகை வளர்த்தல் தகாது. நாம் கொள்ளத்தக்கது நாவரசரின் அஞ்சாமையே. இறைவன் ஒருவனுக்கே ஆட்பட்டவர் வேறெவர்க்கும் அஞ்சுவதில்லை.

இதனை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஊவாத் தோட்டங்களில் எல்லாம் இறைவன் செயல் என்னும் சொல்லை அடிக்கடி கேட்கிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மக்கள் குடியுரிமை இழந்தனர். 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. முன்னது மனிதர் இயற்றிய சட்டம். பின்னதிலும் மண்சரிவு எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எனினும் மக்கள் அவ்விடத்தேயே வாழ்ந்தனர். மனிதர் செய்தவற்றையும் செய்யாது விட்டவற்றையும் இறைவன்மேல் ஏற்றி வாய்மூடி இருப்பது நாவரசர் காட்டிய நெறியன்று. இழந்தவர் அழுவதைத் தடுப்பதும் அந்நெறியன்று.

துன்பத்தில் தளராதவர் செல்வத்தில் தளர்வதுண்டு. அச்சோதனையும் அவர்க்கு வந்தது. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தபோது, அவரும் ஞானசம்பந்தரும் நாள்தோறும் இறைவனிடம் பெற்ற காசுகொண்டு அடியார்க்கு அமுதளித்தனர். சம்பந்தர் காசு வட்டம் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. நாவரசர் காசுக்கு அது வேண்டாதாயிற்று. அவர் கைத்தொண்டு செய்தமையே காரணம் என்கிறது புராணம். பின்னர்த் திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்து ஒளிர்ந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாக உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்துவிட்டு, மீண்டும் புல் செதுக்கலானார். அத்தலத்திலேயே 81ஆம் வயதில், சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

உழவாரம் யாதெனப் பசறை மாணவர்க்கு நான் நெடிது விளக்குவதில்லை. தேயிலை மலையில் களை செதுக்கும் சுரண்டியைச் சொன்னால் போதும். அதன் பாரமும் அதைப் பிடித்த கையின் காய்ப்பும் அவர்கள் வீட்டில் அறிந்தவையே. அரசன் சீறிய நாளிலும் பொன் சொரிந்த நாளிலும் நாவரசர் செய்தது அந்த ஒரு வேலைதான். நம்பிக்கை என்பது யாதெனக் கேட்பார்க்கு அதுவே விடை.